கிழக்கு ஜன்னலில் கலர் வெயில்

வேலூரில் வளரும் பிள்ளைகள் வெயிலைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்பதெல்லாம் "உள்ள வா" என்ற ஒரே பேச்சைத்தான். மார்ச் பிறந்ததும் அது ஆரம்பித்துவிடும். பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்து, திரையை இழுத்துவிடு, மாடிக்குப் போகாதே, செருப்பில்லாமல் வாசலில் நிற்காதே. மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிட்டால் மத்தியானத்தில் தெருவே காலியாகிவிடும். நாற்பது டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் இந்தக் கண்டிப்பு அவசியம்தான். நானும் என் பிள்ளைகளிடம் அதையேதான் சொல்கிறேன். தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடியும் கோட்டைக் கோயிலுக்குள் வந்துவிட்டார், அதனால் அதில் ஒன்று குறைந்தது. அந்த இல்லாத பட்டியலில் வெயில் மட்டும் ஒருநாளும் சேர முடியாது. இவ்வளவு வெயிலுக்கு நடுவில் வளர்ந்தும், அதை ஒருமுறையாவது உட்கார்ந்து நிதானமாகப் பார்க்காமலே பிள்ளைகள் பெரியவர்களாகிவிடக் கூடாது என்ற ஆசை எனக்கு உண்டு.

அந்த ஆசையில்தான் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் சன்கேட்சர் செய்ய ஆரம்பித்தோம். ஜன்னலில் கலர் கலராக எதையாவது தொங்கவிட வேண்டும், அதன் வழியாக வரும் வெளிச்சம் தரையிலும் சுவரிலும் விழ வேண்டும், அவ்வளவுதான் விஷயம். என் பிள்ளைகள் இருவர், மாடிவீட்டுப் பிள்ளைகள், விடுமுறைக்குக் குடியாத்தத்திலிருந்து வரும் என் நாத்தனார் மகள் என்று எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். இதற்கென்று எல்லாவற்றையும் வெட்டி, நம்பர் போட்டுத் தரும் கிட் விற்கிறார்கள். அதை நான் வாங்குவதில்லை. அதில் எல்லாருக்கும் ஒரே வண்ணத்துப்பூச்சி வரும். எந்தப் பொருள் வெளிச்சத்தை விடும், எது விடாது என்று பிள்ளை தேடிப் பார்க்கும் வேலை அதில் இல்லை. அந்தத் தேடலுக்காகத்தான் நான் இதைச் செய்வதே.

அதனால் முதல் காரியமாக, வீட்டில் கைக்குக் கிடைக்கும் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகளைச் சுற்றிவரும் கண்ணாடித்தாள் இருக்கிறதே, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று, அதை யாரும் எறிய வேண்டாம். எங்கள் வீட்டில் அது பீரோவுக்கு மேல் சுருட்டி வைத்திருக்கும். காத்தாடி பேப்பர், மிட்டாய் சுற்றிய தாள், இருமல் மருந்து பாட்டில், ஊறவைத்து நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலை எல்லாம் வரிசையாக வரும். ஒருநாள் சமையலறைக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த நாத்தனார் மகள், "அத்தே, வெங்காயத் தோல்ல வெயில் தெரியுது பாரு!" என்று ஓடிவந்தாள். சின்ன வெங்காயத்தின் தோல் வெளிச்சத்தில் அப்படி ஒரு செம்பு ரோஜா நிறம் காட்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெங்காயம் உரிப்பதற்கு ஆள் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

எல்லாவற்றிலும் சுலபமானது எண்ணெய்க் காகிதம். நாலு வயதுப் பிள்ளையும் செய்யலாம். பஜ்ஜி மடித்துத் தந்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். வெள்ளைத் தாளில் கிரேயானாலோ ஸ்கெட்ச் பேனாவாலோ பிடித்ததை வரையட்டும். கோடு அழுத்தமாகவும் நிறம் நிறைவாகவும் இருக்க வேண்டும். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு முதுகுப் பக்கம் முழுக்கத் தடவ வேண்டும். எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய்தான் இருக்கும், அதுவே போதும். அதிகப்படி எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, ஓரத்தில் அட்டை ஒட்டி ஜன்னலில் மாட்டினால் வரைந்த படம் உள்ளிருந்து விளக்கேற்றியது போல நிற்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். காகிதம் என்பது நார்களும் நார்களுக்கு நடுவே காற்றும். வெளிச்சம் நாரிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து நாருக்கு என்று மாறும் ஒவ்வொரு இடத்திலும் திசை திரும்பிச் சிதறுகிறது. சிதறிய வெளிச்சம் நம் பக்கமே திரும்பி வருவதால்தான் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்தக் காற்று இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாரும் எண்ணெயும் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால் சிதறல் குறைந்து வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. இந்தக் காகிதத்தைச் சாமி விளக்குப் பக்கம் மட்டும் மாட்டக் கூடாது. சில வாரத்தில் காறல் வாடை வரும், அப்போது கழற்றிப் போட்டுவிட்டு வேறு வரைந்துகொள்ளலாம்.

பசையில் செய்வது இன்னும் அழகாக வரும், பொறுமை மட்டும் வேண்டும். ஹோட்டல் பார்சல் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் ஃபெவிகாலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, கேசரிக்குப் போடும் கலரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஈர்க்குச்சியால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். கலக்கிக்கொண்டே இருந்தால் எல்லாம் ஒரே சேற்று நிறமாகிவிடும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுவேன். பால் மாதிரி இருக்கும் பசை காயக் காயக் கண்ணாடியாவதைப் பார்ப்பதுதான் இதில் உள்ள பெரிய சந்தோஷம். தண்ணீரில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பசை வெள்ளையாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனதும் துளிகள் ஒன்றோடொன்று இழைந்து ஒரே தகடாகின்றன, சிதறடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. வேலூர் கோடையில் இது சீக்கிரமே காய்ந்துவிடும். ஆனாலும் நிழலில்தான் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மேலே ஏடு கட்டி, உள்ளே பால் அப்படியே நின்று, ஓரமெல்லாம் சுருண்டுவிடும். மாடிவீட்டுச் சின்னவன் அரைமணிக்கு ஒருதரம் வந்து "காஞ்சிச்சா அத்தே?" என்று கேட்டுவிட்டுப் போவான். தொட்டுப் பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்வேன். ஓரத்திலிருந்து நடு நோக்கிக் கண்ணாடி பரவுவதை அவன்தான் முதலில் கவனித்துச் சொன்னான்.

கிரேயான் சீவலை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து அயர்ன் பாக்ஸால் தேய்ப்பது என்று ஒரு முறை பல இடங்களிலும் சொல்கிறார்கள். எங்களுக்கு அயர்ன் பாக்ஸ் தேவையில்லை. மெழுகுக் கிரேயான் ஐம்பது அறுபது டிகிரியிலேயே உருகிவிடும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் சீவல் அடைத்த காகிதத்தையும், அதற்கும் மேல் உடைந்துபோன போட்டோ ஃபிரேமின் கண்ணாடியையும் வைத்துவிட்டு வந்தால் வெயிலே உருக்கிக் கொடுத்துவிடும். கண்ணாடியையும் கல்லையும் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். பிள்ளைகள் மாடிப்படிக் கதவு நிழலில் நின்று பார்க்கலாம். என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா, முதலில் "இன்னாத்துக்கு இந்த வெயில்ல?" என்றுதான் கேட்டார். சிவப்பும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி ஆரஞ்சாகிக் கிடந்த தாளைக் கீழே கொண்டுவந்து காட்டியதும் வாங்கிப் பார்த்துவிட்டு, வடகம் காயவைக்கும்போது கூடவே வைக்கலாமே என்று அவரே நேரம் சொன்னார்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது எந்த ஜன்னல். இது எழுதப்பட்ட ஆங்கிலப் பக்கங்களில் எல்லாம் தெற்குப் பார்த்த ஜன்னலில் மாட்டுங்கள் என்று இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சரி, அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கமாகவே போகிறது. வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதிமூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள், மத்தியானம் பன்னிரண்டேகாலுக்குச் சற்று முன், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விட்டு, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே இறங்கும். அதாவது கோடை விடுமுறையின் நடுவில் பெரும்பாலும் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. மத்தியான வெயில் அவ்வளவு செங்குத்தாக விழுவதால் மற்ற ஜன்னல்களிலும் சன்ஷேடே அதைத் தடுத்துவிடும்.

ஆகவே நமக்கு வாய்த்தது கிழக்கு ஜன்னலும் மேற்கு ஜன்னலும். அதிலும் கிழக்குதான் என் தேர்வு. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வெயில் சாய்ந்து உள்ளே நீளமாக வரும், சூடும் தாங்கும்படி இருக்கும், பிள்ளைகளும் அப்போதுதான் எழுந்து சோம்பலாகத் தரையில் கிடப்பார்கள். மேற்கு ஜன்னலின் சாயங்கால வெயிலில் மெழுகுத் தாள் இளகித் தொங்கிவிடுகிறது. கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் வலைக்கு உள்பக்கம் மாட்டுங்கள், கூடவே வலையை ஒருதரம் துடைத்துவிடுங்கள். வலையில் படிந்திருக்கும் புழுதி பாதி வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

கலர் தரையில் விழுந்ததும் விளையாட்டு இடம் மாறிவிடுகிறது. மாட்டியதைவிட விழுந்ததைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். என் மகள் கோலமாவை எடுத்துவந்து சிவப்புப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் சிவப்பு வட்டத்தை விட்டு வெளியே போயிருந்தது. பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி திரும்புகிறது. ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விழும் நிறம் அந்த நாலு நிமிஷத்தில் மூன்று சென்டிமீட்டராவது நகர்ந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே பூமி சுற்றுவதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சூரியன் மேலே ஏற ஏறப் புள்ளிகள் ஜன்னலை நோக்கிப் பின்வாங்கும். அடுத்த வாரம் அதே நேரத்தில் பார்த்தால் வட்டத்துக்குப் பக்கத்தில் வேறு இடத்தில் விழும். விடுமுறை முடிவதற்குள் எங்கள் ஹால் தரையில் கோலமாவு வட்டங்கள் ஒரு வரிசையாகிவிடும். அதைப் பெருக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடித்தாளில் விளையாடும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும். மஞ்சள் தாளையும் நீலத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பச்சை கிடைக்கிறது, சந்தோஷம். சிவப்பையும் பச்சையையும் வைத்தால் கிட்டத்தட்ட இருட்டு. சிவப்புத் தாள் சிவப்பை மட்டும் விடுகிறது, பச்சைத் தாள் அந்தச் சிவப்பை நிறுத்திவிடுகிறது, மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடிகளில் தனித்தனியே சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் ஒட்டி, வெயிலை இரண்டு பேர் ஒரே சுவரில் அடித்தால், இரண்டும் சேரும் இடம் மஞ்சளாகும். தாள்களைச் சேர்த்தால் இருட்டு, வெளிச்சங்களைச் சேர்த்தால் மஞ்சள். இதைக் கண்ணால் கண்ட பிள்ளைகள் அன்று முழுக்க நம்ப மறுத்து மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம்தான் சர் சி.வி. ராமன் கதையைச் சொல்லச் சரியான நேரம். பாடப்புத்தகத்தில் அவர் பெயரும் பரிசும் இருக்கின்றன, கையில் என்ன வைத்திருந்தார் என்பது பிள்ளைகள் மனசில் நிற்பதில்லை. 1928-இல் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் தொடக்கத்தில் நம்பியிருந்தது வெயிலைத்தான். வெயிலை லென்ஸால் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகச் சுத்தமான திரவத்துக்குள் அனுப்பினார்கள். பார்க்கும் பக்கத்தில், அந்த நீல ஊதாவை முழுக்க நிறுத்திவிடும் பசுமஞ்சள் வடிகட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இருட்டுதான் தெரிய வேண்டும், நம் சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் போல. ஆனால் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. அப்படியானால் திரவத்துக்குள் போன ஒளியில் ஒரு சின்னப் பங்கு அங்கேயே நிறம் மாறியிருக்கிறது. பிப்ரவரி 28-ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவதும், 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இந்த மங்கல் வெளிச்சத்துக்காகத்தான். சொல்லி முடித்ததும் என் மகள் கையிலிருந்த இரண்டு தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிறைவை எந்தப் பரீட்சை மார்க்கும் தந்ததில்லை.

வெயில் நிறத்தைக் கொடுக்கிறது, வெயிலே அதைத் தின்றும்விடுகிறது. ஸ்கெட்ச் பேனா ரோஸ் கிழக்கு ஜன்னலில் முதலில் போய்விடும், கேசரி கலரும் நாளடைவில் வெளிறும். சாயத்தின் மூலக்கூறுகளை ஒளி உடைத்துவிடுவதால் இப்படி. பிள்ளைகளுக்கு இதில் வருத்தம் வரும். அதற்காகத்தான் கண்ணாடி வளையலுக்குப் போனோம். உடைந்த வளையலை வீட்டில் வைக்கக் கூடாது என்று ஆயா சொன்னாலும், வளைகாப்பில் சேர்ந்த துண்டுகளை ஒரு டப்பாவில் எனக்காக ஒளித்து வைத்திருந்தார். கண்ணாடியில் நிறம் என்பது உள்ளேயே கலந்த உலோகம். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்கு இரும்பு அல்லது குரோமியம். அதனால் பல நூறு வருஷம் பழைய தேவாலய ஜன்னல்களில்கூட நிறம் அப்படியே இருக்கிறது. துண்டுகளின் முனை கூர்மையாக இருக்கும், ஆகவே இதை எட்டு ஒன்பது வயதுக்கு மேல்தான் கொடுப்பேன். நான் எடுத்துத் தர, அவர்கள் இடம் சொல்ல, கண்ணாடி மாதிரித் தெளிவான கெட்டி பிளாஸ்டிக் தாளில் பசை தடவி ஒட்டுவோம். மேலே தங்கப் பூச்சு பூசிய வளையல்கள் இதற்கு ஆகாது, நிறம் உடம்பிலேயே இருக்கும் வளையல்தான் வேண்டும்.

பழைய சிடிக்களையும் விட்டுவிட வேண்டாம். அவற்றில் சாயம் எதுவும் வேலை செய்வதில்லை. 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் தடங்கள் வெள்ளை ஒளியைப் பிரித்துச் சுவரில் வானவில்லாகப் போடுகின்றன. டிவிடியில் அந்த இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதனால் அதன் வானவில் இன்னும் அகலமாக விரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தெருப் பக்கம் மட்டும் தொங்கவிடாதீர்கள், வண்டியில் வருகிறவர் கண்ணில் அடித்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். கண்ணாடித்தாள் வழியாகவோ சிடி வழியாகவோ யாரும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது. தாள் கண் கூசுவதைக் குறைக்கும், கண்ணைச் சுடும் கதிர்களைத் தடுக்காது. கூசாததால் பிள்ளை அதிக நேரம் பார்த்துவிடும், அதுதான் ஆபத்து. 26.12.2019 அன்று காலை சூரிய கிரகணத்தின்போது எங்கள் தெரு வேப்பமர நிழலைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இலைச் சந்துகள் வழியாக விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக இருந்தது. இன்னொன்று, உருண்டையான எதையும் ஜன்னலில் தொங்கவிடக் கூடாது. கண்ணாடி உருண்டை, தண்ணீர் நிறைத்த வட்டமான பாட்டில், பூதக்கண்ணாடி எல்லாம் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். பக்கத்தில் திரைச்சீலையோ காகிதமோ இருந்தால் பற்றிக்கொள்ளும். வேலூர் வெயில் அதற்குப் போதும். தட்டையாக இருப்பவை மட்டுமே எங்கள் ஜன்னலில்.

பிள்ளைகள் செய்ததை நான் திருத்துவதில்லை. கோணலாக ஒட்டியதும், பசை வழிந்து மூக்கு முளைத்த மயிலும் அப்படியே தொங்கும். விருந்தாளி வருகிறார்கள் என்று கழற்றி வைத்ததும் கிடையாது. தரையில் விழும்போது எல்லாருடைய நிறமும் ஒன்றாகத்தான் கலக்கிறது. யாருடையது என்று அவர்களே சண்டை போட்டு, பிறகு அசைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

மழை பிடித்துவிட்டால் பசை காயாது. அப்புறம் டிசம்பர் வரும்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், இத்தனை மாதம் சும்மா இருந்த தெற்கு ஜன்னல் வழியாகக் காலை பத்து மணி வெயில் அறைக்குள் வந்து விழும். அந்த நேரத்தில் வேலூர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். இந்த வருஷம் எங்கள் ஜன்னலுக்கும் எண்ணெய்க் காகிதத்தில் ஒன்று செய்வது என்று முடிவாகியிருக்கிறது. ராத்திரிக்கு உள்ளே சின்ன எல்இடி பல்பு, மெழுகுவத்தி கிடையாது. ஐந்து முனையா எட்டு முனையா என்று குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் போனில் பேச்சு நடக்கிறது, நான் துடைப்பத்திலிருந்து நேரான ஈர்க்குச்சிகளாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.